விசாவில் எழுதிய தொழில்

சோலைமுத்துவின் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்தால் அவர் ஒரு சமையல்காரர். இருபத்தோரு வருடமாக அமீரகத்து அரசாங்கம் முத்திரை குத்தி அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த மனிதருக்கோ உருப்படியாக ஒரு டீ போடத் தெரியாது. பால் பொங்கி வழிந்தால் அடுப்பை அணைக்க வேண்டும் என்பதுகூட மனைவி நாகவள்ளி உள்ளேயிருந்து கத்தினால்தான் உறைக்கும். உண்மையில் அவர் பார்த்தது ரிக்கர் வேலை. கிரேனுக்கு அடியில் நின்று இரும்பு உத்தரங்களுக்குச் சங்கிலி மாட்டி, கையால் சைகை காட்டி மேலே அனுப்ப வேண்டும். தொண்ணூற்றாறில் முதுகுளத்தூரிலிருந்து கிளம்பியபோது ஏஜெண்டிடம் மிச்சமிருந்தது சமையல்காரர் விசா ஒன்றுதான். அதில் வந்து இறங்கினார். மறுநாள் காலையிலேயே சைட்டில் தலையில் ஹெல்மெட்டை மாட்டிவிட்டார்கள்.

"விசாவுல என்ன எழுதியிருந்தா நமக்கென்னய்யா, வேலை ஓடுதான்னு பாரு" என்று அன்றைக்கு ஒரு ஃபோர்மன் சொன்னார். சோலைமுத்து அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. வளைகுடாவில் பாதிப் பேர் பிழைப்பு அப்படித்தான். மச்சினன் அருள்முருகன் தோட்டக்காரர் விசாவில் வந்து ஏசி ரிப்பேர் பார்த்தான். குடும்பம் வருமுன் தங்கிய லேபர் கேம்ப்பில் பக்கத்துக் கட்டிலில் படுத்த அன்பரசன் காகிதத்தில் தையற்காரர், கையிலிருந்ததோ பெயிண்ட் பிரஷ். காகிதத்தில் ஒரு சம்பளம் இருக்கும், கைக்கு வேறொன்று வரும். யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை, காகிதம் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். இந்த நினைப்புதான் கடைசியில் சோலைமுத்துவின் ஒரே மகன் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டது.

மகன் பெயர் பாலகுரு. நாலு வயதில் ஷார்ஜாவுக்கு வந்தவன். அல் நஹ்தாவில் ஒரு ஃபிளாட்டைப் பலகை வைத்துத் தடுத்து இரண்டு குடும்பம் இருந்தது. அதில் இவர்கள் பங்கு ஒன்றரை அறை. நாகவள்ளி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்ததால் பையனுக்கு ஃபீஸில் சலுகை கிடைத்தது. பதினைந்து வயதில் அவன் அப்பாவைத் தாண்டினான். பதினேழில் ஆறடி எட்டு அங்குலம். நிலைப்படியில் நெற்றி இடித்து இடித்து வீங்கியதில், நாகவள்ளி பழைய பாயில் ஒரு துண்டை வெட்டி நிலையின் மேல்கட்டையில் ஆணி அடித்து வைத்தாள். இட்லி வார்த்தால் பதினாறு அவனுக்கு, மிச்சம்தான் மற்றவர்களுக்கு.

கட்டிடத்துக்குப் பின்னால் சிமெண்ட் தரையில் ஒரு பாஸ்கட்பால் கோர்ட் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் பிலிப்பைன்ஸ்காரர்கள் அங்கே கூடுவார்கள். அவர்களில் ரோமெல் என்பவர் மற்ற நாளெல்லாம் ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனிஸ்ட், வெள்ளிக்கிழமை கோச். பாலகுருவைக் கண்டதும் அவர் விடவில்லை. அவன் காலுக்கு அமீரகம் முழுக்கத் தேடியும் ஷூ கிடைக்காமல், மணிலாவிலிருந்து சொந்தக்காரர் மூலம் வரவழைத்துக் கொடுத்தவரும் அவர்தான். சோலைமுத்து முதலில் இதையெல்லாம் வேண்டாத வேலை என்றுதான் நினைத்தார். ஒருநாள் டூட்டி இல்லாமல் வேடிக்கை பார்க்கப் போனவர், மகன் மூன்று பேருக்கு மேலே எழும்பிப் பந்தை வளையத்துக்குள் வைத்துவிட்டு மெத்தென்று இறங்கியதைப் பார்த்தார். நாளெல்லாம் கனமான பொருள் மேலே போவதைப் பார்த்தே பிழைத்தவர் அவர். சங்கிலி இல்லாமல் ஒரு உடம்பு அப்படிப் போகும் என்று அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமையும் அவர் தவறவிடவில்லை.

2017 தொடக்கத்தில் துபாயில் நடந்த ஒரு போட்டியில் அவனுக்கு இரண்டு கதவு திறந்தது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்த ஆள், ஆட்டத்தைப் பார்த்துவிட்டு நாலு வருடப் படிப்பு, தங்க இடம், சாப்பாடு எல்லாம் இலவசம் என்றான். அதே வாரம் உள்ளூர் கிளப் ஒன்றின் எகிப்துக்கார மேனேஜர் சோலைமுத்துவுக்கே போன் போட்டு, பையனைச் சம்பளத்துக்கு ஆட அனுப்பு என்றார்.

வீட்டில் மூன்று வாரம் இதே பேச்சு. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ரோமெலைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். நாகவள்ளி சீலாமீன் வறுத்தாள். சோலைமுத்து தனக்குத் தெரிந்த ஓட்டை இங்கிலீஷையும் ஹிந்தியையும் கலந்து தன் பயத்தைச் சொன்னார்.

"விளையாட்டுக்காரன் உடம்பு எத்தன வருசம் தாங்கும்? ஓடுறப்ப சம்பாதிச்சாத்தான உண்டு? நாலு வருசம் படிப்பு படிப்புன்னு போயிட்டா?"

ரோமெல் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக் காட்டினார். நீளமாக ஒரு தையல் வடு. பத்தொன்பது வயதில் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு சின்னக் கம்பெனி டீமில் சம்பளத்துக்குப் போனாராம். முட்டி போனது, டீமும் மூடியது. கையில் பட்டமும் இல்லை.

"இப்ப பல்லுவலின்னு வர்றவங்க பேரை எழுதிக்கிட்டு இருக்கேன் பாய்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு மீனை எடுத்துக்கொண்டார்.

நாகவள்ளி அப்போதே முடிவு செய்துவிட்டாள். "அவன் படிக்கட்டுங்க. முட்டி போனாலும் படிச்சது போகாதுல்ல."

சோலைமுத்துவும் தலையாட்டினார். அரைமனதோடு இல்லை, நிஜமாகவே. ரோமெல் கிளம்பும்போது வாசலில் நின்று விரல் நீட்டிச் சொன்னார்: ஆகஸ்டில் கல்லூரி சேரும்வரை யாரிடமும் காசு வாங்கக் கூடாது, எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. சம்பளத்துக்கு ஆடினவன் என்று பெயர் விழுந்தால் கல்லூரி டீமில் இடமில்லை. சோலைமுத்துவின் மனதில் அதில் பாதிதான் பதிந்தது, காசு வாங்கக் கூடாது என்கிற பாதி.

ஜூனில் பாலகுருவின் விசா முடிந்தது. பதினெட்டு வயது தாண்டிவிட்டது, பள்ளிக்கூடமும் முடிந்தாயிற்று. அப்போதைய சட்டப்படி இங்கே ஏதாவது படிக்கிறான் என்று காட்டினால்தான் அப்பா விசாவில் நீட்டிக்க முடியும். சோலைமுத்து நேரே கௌஸ் முகம்மதுவின் டைப்பிங் சென்டருக்குப் போனார். கீழக்கரைக்காரரான கௌஸ், விசா, லேபர் கார்டு, வாடகை ஒப்பந்தம் என்று ஷார்ஜாவில் முக்கால்வாசித் தமிழர்களின் காகிதங்களை அரபியில் அடித்துக் கொடுத்தவர். அவர் சொன்னது சாதாரண யோசனை.

"ரெண்டு மாசம் பிள்ளைய ஊருக்கு அனுப்புங்கண்ணே. அமெரிக்கா விசாவ சென்னையில போட்டுக்கிறட்டும்."

சோலைமுத்து அதற்கு ஒப்பவில்லை. சென்னையில் வரிசையில் நின்று ரிஜெக்ட் ஆனவர்கள் கதையைக் கேம்ப்பில் நூறு கேட்டிருந்தார். வளைகுடா விசா கையிலிருந்தால் மதிப்பு, இங்கிருந்தே போனால் சுலபம் என்று யாரோ சொன்னதும் மண்டைக்குள் உட்கார்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்து கிளப் மேனேஜரின் போன். சோலைமுத்து விஷயத்தைச் சொன்னார். மேனேஜர் சிரித்தாராம். விசாதானே, நான் போடுகிறேன், பையன் இஷ்டப்பட்டபோது போகட்டும், மாஃபி முஷ்கில், ஒரு பிரச்சினையும் இல்லை என்றாராம்.

"சம்பளம் வேணாம். விசா மட்டும் போதும்" என்று சோலைமுத்து கறாராகச் சொன்னார். ரோமெல் பேச்சைக் காப்பாற்றிவிட்டதாக அவருக்கு நினைப்பு. ரோமெல் அப்போது லீவில் பிலிப்பைன்ஸுக்கு, சொந்த ஊரான செபுவுக்குப் போயிருந்தார். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று சோலைமுத்து விட்டுவிட்டார்.

லேபர் காண்ட்ராக்ட்டை கௌஸ்தான் டைப் செய்தார். அப்பாவும் மகனும் அவர் மேஜைக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பாலகுருவின் முட்டி மேஜையை முட்டியது. அவன் காகிதத்தைக் கையில் எடுத்து முதல் வரியிலிருந்து படித்தான். இங்கே வளர்ந்த பிள்ளைகள் எதையும் படித்துத்தான் பார்க்கும்.

"அப்பா, புரொஃபஷனல் பிளேயர்னு போட்டிருக்கு. டூ இயர்ஸ். சாலரிகூட இருக்கு. கோச் சைன் பண்ண வேணாம்னு சொன்னார்ல?"

"காசு வாங்காதன்னுதான சொன்னாரு. நாம வாங்கலையே. சம்பளம்னு ஒண்ணு எழுதாம லேபர் ஆபீஸ்ல வாங்க மாட்டான். அதுக்கு எழுதுறது."

"ஒருதரம் கோச்சுக்குப் போன் போட்டு..."

கௌஸும் அதையே சொன்னார். "கேட்டுத்தான் வைங்களேண்ணே. ஒரு வார்த்தைதானே."

சோலைமுத்துவுக்குச் சுருக்கென்று வந்தது. இருபத்தோரு வருடம் இந்த ஊரில் குப்பை கொட்டியவருக்கு விசாவைப் பற்றி ஒரு பல் ஆஸ்பத்திரிக்காரனிடம் கேட்க வேண்டுமா? பாஸ்போர்ட்டை எடுத்து மேஜையில் விரித்து வைத்தார்.

"இங்க பாரு. சமையக்காரன்னு எழுதியிருக்கு. உங்கப்பன் என்னைக்காவது சமைச்சிருக்கனா? உங்கம்மாட்டக் கேளு."

பாலகுரு சிரித்துவிட்டான். கௌஸும் சிரித்தார். மூன்று பேரும் சேர்ந்து நன்றாகவே சிரித்தார்கள்.

"வெறும் விசா காகிதம்ப்பா. படிச்சுக்கிட்டே ஒக்காந்திருக்காத. போடு."

பாலகுரு போட்டான். நோட்டு அட்டையிலெல்லாம் பழகி வைத்திருந்த கையெழுத்து, என்றைக்காவது நாலு பேர் வந்து கேட்பார்கள் என்று அவன் வைத்திருந்தது. 'பா'வில் தொடங்கி கடைசி எழுத்தின் வாலை வளைத்து ஒரு வளையம் போடுவான். காண்ட்ராக்ட்டின் கடைசி வரிக்குக் கீழே அந்த வளையம் அழகாக விழுந்தது.

பத்து நாளில் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வந்தது. தொழில்: பாஸ்கட்பால் விளையாட்டு வீரர். ஸ்பான்சர்: கிளப்பின் பெயர். அமெரிக்கக் கல்லூரி ஏதோ படிவத்துக்காக பாஸ்போர்ட் நகலும் விசாப் பக்கமும் கேட்டிருந்தது. பாலகுரு ஸ்கேன் செய்து அனுப்பினான். மறைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. நாலாம் நாள் கல்லூரியிலிருந்து மெயில் வந்தது. இதற்கு விளக்கம் வேண்டும்.

சோலைமுத்து அப்போதும் பதறவில்லை. விளக்கம்தானே, சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்றார். மறுபடி கௌஸிடம் போய் உட்கார்ந்து ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். ஐயா, இந்த நாட்டில் விசாவில் எழுதும் தொழில் வேறு, செய்யும் வேலை வேறு. இது இங்கே வழக்கம். என் மகன் கையெழுத்துப் போட்டது விசாவுக்காக மட்டுமே. காண்ட்ராக்ட்டில் உள்ள சம்பளத்தில் ஒரு திர்ஹமும் வாங்கவில்லை. நம்பிக்கைக்காகக் காண்ட்ராக்ட் நகலை இணைத்துள்ளேன். கீழே அவரே கையெழுத்துப் போட்டார். போதாதென்று தன் சமையல்காரர் விசாப் பக்கத்தையும் சாட்சிக்கு இணைத்தார். கல்லூரி கேட்காத காண்ட்ராக்ட்டைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார் அந்த மனிதர்.

லீவு முடிந்து வந்த ரோமெல், பாலகுரு சொன்னதைக் கேட்டதும் வீட்டுக்கு ஓடிவந்தார். விசாப் பக்கத்தைப் பார்த்தார். கடிதத்தின் நகலைப் படித்தார். திட்டுவார் என்று சோலைமுத்து காத்திருந்தார். அவர் திட்டவில்லை. பாஸ்போர்ட்டை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு, "கலாஸ்" என்று மட்டும் சொன்னார். முடிந்தது என்று அர்த்தம். நாகவள்ளி கொண்டுவந்த டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்.

ஆகஸ்ட் முதல் வாரம் கல்லூரி பதில் போட்டது. மூன்று வரி வருத்தம், மிச்சமெல்லாம் விதி எண்கள்: காசு வாங்காவிட்டாலும், சம்பள ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவனுக்கு டீமில் இடமில்லை, இலவசப் படிப்பும் இல்லை. கடைசியில், உண்மையை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி என்று ஒரு வரி. பாலகுரு அதை அப்பாவுக்குத் தமிழில் சொல்லி முடித்துவிட்டுப் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டான். சோலைமுத்து தடுப்புக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார்.

"நான்தாம்ப்பா கெடுத்துட்டேன்."

"விடுங்கப்பா."

நாகவள்ளி நாலு நாள் சோறு மட்டும் போட்டாள். ஐந்தாம் நாள், காய் நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"ரெண்டு மாசம் ஊர்ல இருந்திருந்தா என்னங்க ஆயிருக்கும்?"

சோலைமுத்து சட்டையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பினார்.

வெறும் காகிதம் என்று அவர் சொன்ன காண்ட்ராக்ட் அப்புறம்தான் தன் சுயரூபத்தைக் காட்டியது. கிளப் மேனேஜர் இப்போது சிரிக்கவில்லை. இரண்டு வருடத்துக்குக் கையெழுத்திருக்கிறது, நடுவில் போனால் லேபர் ஆபீஸில் தடை விழும், மறுபடி இங்கே விசா கிடைக்காது என்றார். சரி, சம்பளத்துக்காவது ஆடட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்கள். ஆனால் ஆட்டத்தில் இறங்க வெளிநாட்டுக்காரர்களுக்கு இரண்டே இடம். அந்த இரண்டிலும் கிளப் அமெரிக்கர்களை இறக்கியது. இரண்டு பேருமே அங்கே நாலு வருடம் கல்லூரிக்கு ஆடி, பட்டமும் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க எதிரில் ஒரு உயரமான உடம்பு வேண்டியிருந்தது. பாலகுரு அந்த உடம்பாக நின்றான். வாரத்துக்கு ஆறு நாள் இடி வாங்குவான். போட்டி நாளில் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பான். சோலைமுத்து கேலரியில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். மூன்றாவது போட்டிக்குப் பிறகு டூட்டி இருக்கிறது என்று சொல்லிப் போவதை நிறுத்தினார். டூட்டி இல்லை. அவன் பாட்டில் எடுத்துக் கொடுப்பதைப் பார்க்க அவருக்குத் திராணி இல்லை.

இரண்டாவது சீசன் ஜனவரியில், பயிற்சியில் ஒரு அமெரிக்கனோடு மேலே எழும்பியவன் ஒற்றைக் காலில் இறங்கினான். முட்டிக்குள் ஏதோ அறுந்தது. கிளப் டாக்டர் ஐஸ் வைத்தார், இரண்டு ஊசி போட்டார். ஆபரேஷன் இன்ஷூரன்ஸில் வராது, மாஃபி, இல்லை என்று கைவிரித்தார்கள். மார்ச்சில் விசாவை கேன்சல் செய்தார்கள். மேனேஜரைப் பார்க்க சோலைமுத்து கிளப் வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றார். செக்யூரிட்டி நேபாளிப் பையன் பாவப்பட்டு ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டான். மேனேஜர் வெளியே வரவில்லை.

சோலைமுத்து கையிலிருந்ததைத் திரட்டி மதுரையில் ஆபரேஷன் செய்வித்தார். நடக்க வந்தது, குதிக்க வரவில்லை. நாகவள்ளி போனில், அங்கேயே ஏதாவது காலேஜில் சேர்ந்துகொள் என்று கெஞ்சினாள். அவனுக்கு இருபது வயது ஆகிவிட்டது, பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள் மூன்றாம் வருடம் போகப்போகிறார்கள். "போதும்மா, வேலை இருந்தா பாக்கச் சொல்லுங்க" என்றான். அவன் குரலில் கோபம் இருந்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு வண்டி உதிரிபாகக் கோடவுனில் ஆள் வேண்டும் என்று சோலைமுத்து தேடிப் பிடித்தார். முதலாளி பாலகுருவின் போட்டோவைப் பார்த்ததும் ஒப்புக்கொண்டார். மேல் தட்டுக்கு ஏணி வேண்டாம், கைக்கே எட்டும் என்று அவருக்குச் சந்தோஷம்.

பாலகுரு விசிட் விசாவில் வந்து இறங்கினான். மறுநாள் அப்பாவும் மகனும் டைப்பிங் சென்டருக்குப் போனார்கள். அவன் குனிந்து உள்ளே நுழைந்தான். அதே மேஜை, அதே பிளாஸ்டிக் நாற்காலிகள். இடது காலை மடக்க முடியாமல் ஓரமாக நீட்டி வைத்துக்கொண்டான். கௌஸ் அவனை நிமிர்ந்து பார்க்கக் கூசினார். கீபோர்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தொழில் என்னன்னு போடட்டும்ணே? சேல்ஸ்மேன்னு போட்டுருவமா? முதலாளிட்ட நான் சொல்லிக்கிறேன். கௌரவமா இருக்கும் பிள்ளைக்கு."

சோலைமுத்து கையை நீட்டித் தடுத்தார். "வேணாம் பாய். என்ன வேலையோ அதையே எழுதுங்க."

"என்ன வேலை?"

சோலைமுத்து மகன் நீட்டி வைத்திருந்த காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சுமை ஏத்தி எறக்குறது."

பிரிண்டரிலிருந்து காகிதம் வந்தது. கௌஸ் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி போட்டு பாலகுருவின் பக்கம் நகர்த்தினார். அவன் பேனாவை எடுத்துவிட்டான். முதல் வரியைக்கூடப் பார்க்கவில்லை.

"ஒருதரம் படிச்சிட்டுப் போடுப்பா" என்றார் சோலைமுத்து.

"எதுக்குப்பா. வெறும் விசா காகிதம்தானே."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை அவன். அப்பாவிடமிருந்து கற்றுக்கொண்டதை அப்பாவிடம் சொன்னான், அவ்வளவுதான். பழைய வளையமெல்லாம் இல்லாமல் வெறுமனே பெயரை எழுதினான். காகிதத்தை கௌஸிடம் நகர்த்திவிட்டு, கோடவுனில் நாளைக்கு எத்தனை மணிக்கு வரச்சொன்னார்கள் என்று கேட்டான்.